ஒரு ஹாரனுக்கு வலது கை

டிராக்டர் ஒரு ஹாரன் அடித்தது. டிரெய்லரின் கடைசியில், குழாய்க் கட்டுக்கு மேல் குறுக்கே போட்ட பலகையில், பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தவள் வலது கையை நீட்டினாள். பின்னால் வந்த வேன் வேகத்தைக் குறைத்தது. டிராக்டர் இடது பக்கம் திரும்பி, பாதி கட்டி முடித்த மாடி வீடு ஒன்றின் முன்னால் போய் நின்றது.

ஒரு ஹாரன் என்றால் வண்டி இடது பக்கம் திரும்பும். முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவளுக்கு அது வலது கை. இரண்டு ஹாரன் என்றால் இடது கை. நீளமாக ஒன்று அடித்தால் வண்டி நிற்கப் போகிறது. இரண்டு கையையும் விரித்துக் காட்ட வேண்டும். டிரைவருக்கும் அவளுக்கும் நடுவே ஒரு டிரெய்லர் நிறையச் சாரக் குழாய் இருந்ததால், கத்தினால் கேட்காது. அதனால் உண்டான பாஷை இது. பகலில் அவள் மடியில் ஒரு சிவப்புத் துணி இருக்கும். பொழுது சாய்ந்தால் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய டார்ச்.

அந்த டிரெய்லருக்குப் பின்விளக்கு கிடையாது. எப்போதோ இருந்ததற்கு அடையாளமாக இரண்டு துருப்பிடித்த கிண்ணங்கள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. எனவே பட்டறையில் அவளுக்குப் பெயர் பின்லைட்டு. ஒரு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டால், "இன்னிக்கு பின்லைட்டு ஃப்யூஸ் போயிருச்சாம்" என்பார்கள். அவளும் சிரிப்பாள்.

கட்டடக்காரர்களுக்குச் சாரக் குழாய், தகடு, முட்டு ஜாக்கி எல்லாம் வாடகைக்கு விடும் பட்டறை அது. முன்பு அவளும் மற்ற பெண்களோடு தகடு சுமந்தவள்தான். ஒரு மத்தியானம் அடுக்கி வைத்திருந்த குழாய்க் கட்டு சரிந்து அவள் இடது பாதத்தின் மேல் விழுந்தது. இரண்டு விரல் போயிற்று, கணுக்கால் மடங்காமல் நின்றுவிட்டது. சுமக்க முடியாது, நெடுநேரம் நிற்கவும் முடியாது. உட்கார முடியும், கையை நீட்ட முடியும். முதலாளியம்மா அந்தப் பலகையை அடித்துப் போடச் சொன்னது அப்போதுதான். அன்றிலிருந்து காலையில் பட்டறைக் கேட்டைத் தாண்டும்போது அலுவலக அறை இருக்கும் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் அவள் வண்டி ஏறுவாள். அறையில் ஆள் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

அன்று குழாயை இறக்கிவிட்டுத் திரும்பும்போது போக்குவரத்து அதிகாரி ஒருவர் வண்டியை மறித்தார். டிரெய்லரைச் சுற்றி வந்தார். விளக்கு எங்கே என்று கேட்டதற்கு டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு பின்னால் கையைக் காட்டினார். அங்கே அவள் மடியில் துணியோடு உட்கார்ந்திருந்தாள். அதிகாரிக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை போலும். கடைசியில் இரண்டும் இல்லாமல், நிதானமாகவே சொன்னார். பின்விளக்கு, பிரேக் விளக்கு, இண்டிகேட்டர், ஒளி பட்டால் மின்னும் பட்டை, கொக்கி கழன்றாலும் வண்டி ஓடிவிடாமல் பிடிக்கும் சங்கிலி எல்லாம் போட்டு, மாதம் முடிவதற்குள் சோதனைக்குக் கொண்டுவர வேண்டும். குழாய் வெளியே நீட்டிக்கொண்டு வரக் கூடாது. டிரெய்லர் மேல் ஆள் உட்காரவே கூடாது.

"பின்னால ஒருத்தன் தூக்கக் கலக்கத்துல வந்து இடிச்சான்னா முதல்ல போறது நீதாம்மா" என்றார் அவளைப் பார்த்து.

தன்னைப் பற்றி இப்படி ஒரு அதிகாரி கவலைப்பட்டது அவளுக்கு நெகிழ்ச்சியாக இருந்தது. வண்டி கிளம்பிய பிறகுதான் கடைசியாகச் சொன்னது உறைத்தது.

முதலாளியம்மா விஷயத்தைக் கேட்டதும் தட்டிக் கழிக்கவில்லை. செய்துவிடலாம் என்று அன்றைக்கே வெல்டரையும் வயரிங் வேலை செய்பவரையும் கூப்பிட்டனுப்பினார். மிக நீளமான குழாய்களை இனி லாரியில் அனுப்பிக்கொள்ளலாம் என்றார். பிறகு அவளை அலுவலக அறைக்குள் அழைத்தார்.

"நீ அந்தப் பலகைல உட்கார்ந்து போறப்ப எல்லாம் எனக்கு நெஞ்சு படக்கு படக்குன்னு அடிச்சுக்கும். வாய் விட்டுச் சொல்ல முடியாது. இனிமே அந்தப் பயம் இல்ல."

"நீங்க நல்லா இருக்கணும்மா" என்றாள் அவள். கண் கலங்கியது. அதோடு வெளியே வந்திருக்கலாம். கதவுப் பக்கம் போனவள் திரும்பி, அதற்கப்புறம் தனக்கு என்ன வேலை என்று கேட்டாள்.

"முதல்ல வண்டி பாஸ் ஆகட்டும். உன்னை அப்படியே விட்டுருவேனா?"

விடமாட்டார் என்றுதான் அவளும் நம்பினாள். ஆனாலும் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை பட்டறையில் என்னென்ன இருக்கிறது என்று கண்ணால் தேடிக்கொண்டே நடந்தாள். குழாய் இணைக்கும் கிளாம்புகளுக்கு எண்ணெய் போடும் வேலை காவல்காரரின் மனைவியிடம் இருந்தது. வரவு போக்கு எண்ணி எழுதுவதற்குக் கணக்கர் இருந்தார். கணக்கருக்கு நாற்காலியும் இருந்தது. வேறு எங்கும் உட்கார இடம் தென்படவில்லை.

வெல்டர் பழைய கிண்ணங்களை அறுத்தெடுத்து, விளக்கு பொருத்தத் தகடு வைத்துப் பற்றவைத்தார். சக்கரங்களுக்கு மேல் மட்கார்டு வந்தது. கொக்கியின் இரு பக்கமும் குறுக்காகச் சங்கிலி வந்தது. பக்கவாட்டில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை ஒட்டுகிற வேலையை அவளிடம் கொடுத்தார்கள். தரையில் உட்கார்ந்தபடியே, துருவைச் சுரண்டி, துடைத்து, காற்றுக் குமிழ் இல்லாமல் கட்டைவிரலால் நீவி நீவி ஒட்டினாள். வெல்டர் நின்று பார்த்துவிட்டு, பட்டுப் புடவைக்குக் கரை வைத்த மாதிரி இருக்கிறது என்றார்.

வயர்காரர் வாயாடி. இரண்டு விளக்கு அட்டைப்பெட்டியையும் அவள் முன்னால் வைத்தார்.

"பின்லைட்டு, உனக்குப் போட்டியா ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்திருக்கேன். சம்பளம் கேக்க மாட்டாங்க, லீவும் போட மாட்டாங்க."

"மழையில நனைஞ்சா இருமுவாங்களா?"

"மாட்டாங்க."

"அப்ப ஒசந்த ஜாதியா இருக்கும்" என்றாள். வெல்டர் முகமூடிக்குள்ளேயே சிரித்தார்.

பட்டறையில் கிடந்த பழைய வயர்ச் சுருளை வைத்தே முடித்துவிடும்படி முதலாளியம்மா சொல்லியிருந்தார். சுருள் முழுக்க ஒரே கறுப்பு. இழுத்து முடித்து முன்பக்கம் பிளக்கை மாட்ட வந்தபோது, எந்த வயர் எந்த விளக்குக்குப் போகிறது என்று வயர்காரருக்குப் புரியவில்லை. எழுந்து பின்னால் போய்ப் பார்க்க அலுப்பு. பலகையில் ஏறி உட்கார்ந்து எரிகிற பக்கத்தைச் சொல்லும்படி அவளிடம் சொன்னார்.

அவள் வழக்கமான இடத்தில் ஏறி, வழக்கம்போலப் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தாள். அவர் ஒரு வயரை பாட்டரியில் தொட்டார். அவளுடைய வலது கைப் பக்கம் விளக்கு எரிந்தது.

"வலது."

அவர் அந்த வயரில் ஒரு டேப் சுற்றி, வலது என்று குறித்துக்கொண்டார். பிளக்கை முடுக்கி, டிராக்டரில் செருகினார். டிரைவர் மேலே ஏறி இடது இண்டிகேட்டரைப் போட்டார். "இடது" என்று குரல் கொடுத்தார். அவளுடைய இடது கைப் பக்கம் மஞ்சளாக மினுக்கியது. எரியுது என்றாள். வலதும் எரிந்தது. பிரேக்கை மிதித்தால் இரண்டு பக்கமும் சிவந்தன. எல்லாவற்றுக்கும் அவளே எரியுது, எரியுது என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். வயர்காரர் கை தட்டிப் புழுதியை உதறினார்.

அவள் இறங்கியதும் வெல்டர் பலகையைக் கழற்றினார். போல்ட் இருந்த ஓட்டைகள் வீணாகாமல் அதே இடத்தில் இரண்டு சிவப்பு ரிஃப்ளெக்டர்களை முடுக்கினார்.

வீட்டில் மகள் தைத்துக்கொண்டிருந்தாள். தையல் கம்பெனியில் எட்டு மணி நேரம் தைத்துவிட்டு, வந்தும் அக்கம்பக்கத்தாரின் துணியைத் தைப்பவள். அம்மா விளக்குகளின் அழகைச் சொல்லச் சொல்ல, மிஷினை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தாள். முதலாளியம்மா தனக்காகத்தான் இவ்வளவு செய்கிறார் என்று அம்மா சொன்ன இடத்தில் மிஷின் நின்றது.

"ஆபீசர் புடிச்சதால செய்றாங்க. உனக்காகன்னா ரெண்டு வருஷம் முன்னாடியே செஞ்சிருக்கணும்."

"மனசு வேணும்ல அதுக்கும்?"

"அம்மா, அவங்க குழாய்தானே உன் காலை நசுக்குனது? நசுக்குனதுக்கு ஒரு பைசா குடுத்தாங்களா? நசுக்குனவங்களுக்கே கும்பிடு போடற ஆளை நான் உன்னைத்தான் பாக்கறேன்."

முதல் நாள் ஆஸ்பத்திரிச் செலவை அவர்தான் கட்டினார் என்று அவள் நினைவுபடுத்தினாள். நொண்டிக்கு யார் வேலை கொடுப்பார்கள், இவர் கொடுத்தாரே என்றாள். மகள் அம்மாவின் வீங்கிய கணுக்காலைத் தன் மடியில் தூக்கி வைத்து எண்ணெய் தேய்க்க ஆரம்பித்தாள்.

சோதனைக்குப் போகும் காலையில் முதலாளியம்மா அவளையும் டிரெய்லரில் ஏறச் சொன்னார். விளக்கெல்லாம் புதுசு, வழியில் மக்கர் செய்தால் கை காட்ட ஆள் வேண்டும். இந்த ஒரு தடவை மட்டும் போய் வா, நான் காரில் வந்துவிடுகிறேன் என்றார். அவள் வெறும் டிரெய்லரின் கடைசியில் சாக்கை விரித்து உட்கார்ந்தாள். பலகை இல்லாததால் ரோடு மிகவும் பக்கத்தில் ஓடியது. பட்டறையை விட்டு வெளியே வந்ததும் நேர்ச் சாலைதான். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் தன் இரண்டு பக்கமும் சிவப்பாக எரிவதை அவள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

மேம்பாலத்துக்குக் கீழே வந்தபோது டிரைவர் இடது இண்டிகேட்டரைப் போட்டார். பழக்க தோஷத்தில் ஒரு ஹாரனும் அடித்தார். ஹாரன் கேட்டதும் அவள் வலது கை தானாக நீண்டது. ஆனால் மினுக்கியது அவளுடைய இடது பக்கத்து விளக்கு.

பின்னால் பைக்கில் ஒருவன், முன்னால் டேங்க் மேல் ஒரு சின்னப் பெண்ணை உட்கார வைத்துக்கொண்டு வந்தான். விளக்கைப் பார்த்தான். டிரெய்லர் அந்தப் பக்கம் போகப் போகிறது என்று நம்பி, மறு பக்கத்து இடைவெளியில் வேகமாக நுழைந்தான். டிரெய்லரும் அதே பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. அவள் நீட்டிய கையை மடக்காமல், உடம்பையே வெளியே சாய்த்து, விரல்களை அகல விரித்தாள். பைக் சறுக்கி, டிரெய்லர் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. சின்னப் பெண்ணின் பள்ளிக்கூடப் பை தரையில் விழுந்தது.

"லைட்டு ஒண்ணு சொல்லுது, கை ஒண்ணு சொல்லுது" என்றான் அவன், வெளுத்த முகத்தோடு. "எதைத்தான் நம்பறது?"

அவள் தன் இரண்டு கைகளையும் பார்த்தாள், விளக்குகளைப் பார்த்தாள். பிறகு டிரெய்லரின் பக்கத் தகட்டை ஓங்கி ஓங்கித் தட்டினாள்.

டிரைவர் ஓரம் கட்டிவிட்டு இறங்கி வந்தார். அவளைவிட ஐந்தாறு வயது சின்னவர். குழாய் சரிந்த அன்று அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர்தான். அவள் நடந்ததைச் சொன்னாள். இடதை வலது என்று மாற்றிச் சொன்னது தானேதான் என்றும், உட்கார்ந்த வாக்கில் தன் கையை வைத்தே சொல்லிவிட்டதாகவும் சொன்னாள். டிரைவர் போய் இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு வந்து பார்த்தார். பிறகு மட்கார்டில் சாய்ந்து நின்றார்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டா? இப்படியே கொண்டு போவோம். ஃபெயில் பண்ணி அனுப்பிருவாங்க. மறுபடி தேதி வாங்கணும், வயர்காரரைப் புடிக்கணும். எப்படியும் இன்னும் ஒரு மாசம் இழுக்கும்."

அவள் அவரையே பார்த்தாள்.

"அந்த ஒரு மாசம் நீ ஏறி உட்காரலாம்" என்றார் டிரைவர். "அதுக்கப்புறம் என்னன்னு எனக்கும் தெரியல, உனக்கும் தெரியல."

அவள் அதை யோசிக்காமல் இல்லை. ஒரு மாதச் சம்பளம் என்னவெல்லாம் செய்யும் என்பதும், மகளின் மிஷின் எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். எதிரே பைக்கில் வந்தவன் இன்னும் வண்டியைக் கிளப்பவில்லை. பையிலிருந்து சிதறிய பென்சில்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். சின்னப் பெண் அவள் பக்கம் பார்த்து, ஏனோ, டாட்டா காட்டினாள்.

"மாத்து தம்பி" என்றாள். "நான் கையை நீட்டலைன்னா அந்தப் புள்ள இன்னிக்கு இல்ல. நாளைக்கு அதுல நான் இருக்க மாட்டேன்ல?"

டிரைவர் திருப்புளியை எடுத்து வந்தார். பிளக்கைத் திறந்து இரண்டு வயரையும் கழற்றி இடம் மாற்றினார். அவள் ரோட்டில் இறங்கி டிரெய்லருக்குப் பின்னால் போய், இந்த முறை வண்டி பார்க்கும் திசையையே பார்த்து நின்றாள். அப்படி நின்று அவள் அந்த வண்டியைப் பார்த்ததே இல்லை. இடது என்றார். இடது எரிந்தது. வலது என்றார். வலது எரிந்தது. அவள் ஒட்டிய பட்டை வெயில் பட்டு மின்னியது.

சோதனை மைதானத்து வாசலிலேயே அவள் இறங்கிக்கொண்டாள். உள்ளே அதே அதிகாரி இருந்தார். விளக்கு ஒவ்வொன்றாகப் போடச் சொல்லிப் பார்த்தார். சங்கிலியை இழுத்துப் பார்த்தார். டயரை உதைத்தார். பட்டையின் ஓரத்தை நகத்தால் உரிக்கப் பார்த்து முடியாமல், யார் ஒட்டியது என்று கேட்டார். முதலாளியம்மா அவளை முன்னால் இழுத்து நிறுத்தினார். வழியில் விளக்கு மாறி எரிந்ததைக் கண்டுபிடித்தவளும் இவள்தானாம், டிரைவர் சொன்னார் என்றார். தப்பு தன்னுடையதுதான் என்று அவள் சொல்ல வந்தது யாருக்கும் கேட்கவில்லை. அதிகாரி தகுதிச் சான்றை டிரைவரிடம் கொடுத்தார். அவளைப் பார்த்து, இப்போதுதான் நிம்மதி என்று தலையை ஆட்டினார்.

முதலாளியம்மாவுக்கு நிஜமாகவே சந்தோஷம். எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அவள் டீயைக் குடிக்கும் வரை காத்திருந்து, இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு வருஷமா வெயில்லயும் மழையிலயும் உட்கார்ந்தது போதும். கொஞ்ச நாள் வீட்டுல நிம்மதியா இரு. உனக்குத் தோதா ஏதாவது வேலை வந்தா நானே சொல்லி அனுப்பறேன்."

டிரைவர் ஏற்கெனவே மாட்டியிருந்த சங்கிலியை மறுபடி குனிந்து சரிபார்த்தார்.

"சரிம்மா" என்றாள் அவள். பிடித்திருந்த கைகளை விடுவித்துக் கும்பிட்டாள். "என் உசுருக்காக இவ்வளவு செஞ்சீங்க. மறக்க மாட்டேன்."

சொன்னது மனசாரத்தான். முதலாளியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். காரின் பின் சீட்டு முழுக்கக் கிளாம்பு மூட்டைகள் இருந்தன. இன்னொரு கட்டடத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு வேறு வழியாகக் கிளம்பினார்.

அவள் பழக்கத்தில் டிரெய்லரில் காலை வைத்தாள். அதிகாரி தூரத்திலிருந்தே விரலை ஆட்டினார். காலை எடுத்துவிட்டாள். டிராக்டரின் மட்கார்டில் உட்கார்ந்து வரும்படி டிரைவர் கூப்பிட்டார். பாஸான அன்றைக்கே மாட்டிக்கொள்ளாதே தம்பி, நான் பஸ்ஸில் வந்துவிடுகிறேன் என்றாள். பஸ் நிறுத்தம் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தது.

மைதானத்து வாசலில் டிராக்டர் நின்றது. பெரிய சாலையில் வண்டிகள் இடைவெளி இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. டிரெய்லரின் விளக்கு சரியான பக்கத்தில், அழகாக, மினுக்கி மினுக்கி வழி கேட்டுக்கொண்டே இருந்தது. யாரும் வழி விடவில்லை. டிரைவர் இரண்டு முறை முன்னால் நகர்ந்து பின்வாங்கினார்.

அவள் மடங்காத காலை இழுத்துக்கொண்டு சாலைக்குள் இறங்கினாள். நடுவே போய் நின்று இரண்டு கைகளையும் விரித்தாள். ஒரு லாரி பெருமூச்சு விட்டு நின்றது. அதன் பின்னால் வேன், பஸ், பைக்குகள். டிராக்டர் வெளியே வந்து, சாலை முழுவதையும் எடுத்துக்கொண்டு வளைந்து திரும்பியது. அவள் ஒட்டிய பட்டை அவளைக் கடந்து போனது. டிரைவர் திரும்பிப் பார்த்து நெற்றியில் கை வைத்து ஒரு வணக்கம் போட்டார். அவள் சிரித்தபடி தலையை ஆட்டினாள்.

டிரெய்லர் போய்விட்டது. அவள் கையை இறக்கினாள். அந்த நொடியே லாரி உறுமிக்கொண்டு கிளம்பியது. பின்னால் நின்றவையெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு முன்னால் பாய்ந்தன. அந்தப் பக்கம் போவதற்கு அவளுக்கு நான்கு எட்டு போதும். ஆனால் நான்கு எட்டும் அவளுக்கு ஒரே மூச்சில் வராது. அவள் சாலை நடுவில் வரைந்த வெள்ளைக் கோட்டின் மேல், முந்தானையை உடம்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு பக்கமும் வண்டிகள் அவளை உரசிக்கொண்டு போயின.